டெங்கு ஊசி மும்பையில் எங்கே போடுகிறார்கள்?

செம்பூர்_ரகு | 6 செப்டம்பர் 2025, காலை 7.12

எல்லோருக்கும் வணக்கம். மனைவிக்கு டெங்கு வந்து ஆறு நாள் ஆஸ்பத்திரியில் கிடந்து நேற்றுதான் வீட்டுக்கு வந்திருக்கிறாள். பிளேட்லெட் 31 ஆயிரம் வரை இறங்கி, அப்புறம் ஏறியது. அந்த இரண்டு ராத்திரியை நினைத்தால் இப்போதும் வயிற்றைக் கலக்குகிறது.

கேள்வி இதுதான். மகளுக்கு 9 வயது. ஜகார்த்தாவில் இருக்கும் என் மச்சினன் அவன் பையனுக்குப் போன வருஷமே டெங்கு ஊசி போட்டுவிட்டானாம். இரண்டு டோஸ், நடுவில் மூன்று மாதம். இங்கே குழந்தை டாக்டரைக் கேட்டால் "வந்தா சொல்றேன்" என்று சிரிக்கிறார். மூன்று மெடிக்கல் ஷாப்பில் விசாரித்தாயிற்று. மும்பையில் யாராவது போடுகிறார்களா? செலவு ஆனாலும் பரவாயில்லை.

எங்கள் கட்டடம் சுத்தமானதுதான். மாசாமாசம் பெஸ்ட் கன்ட்ரோல் ஆள் வந்து அடித்துவிட்டுப் போகிறார். பின்னால் இருக்கும் குடிசைகளில் டிரம் டிரம்மாகத் தண்ணீர் பிடித்து வைத்திருக்கிறார்கள், அங்கிருந்துதான் இவ்வளவும் வருகிறது. அதை நம்மால் ஒன்றும் செய்ய முடியாது. ஊசியாவது போட்டுக்கொள்ளலாமே என்றுதான் கேட்கிறேன்.

ராத்திரி_ட்யூட்டி | காலை 7.58

ரகு அண்ணா, அண்ணி தேறி வந்தாரே, அதுவே போதும். நான் நர்ஸ். ஆகஸ்ட், செப்டம்பரில் எங்கள் வார்டில் டெங்குவும் மலேரியாவும்தான் பாதிக் கட்டில்.

நேராகச் சொல்லிவிடுகிறேன். இன்றைய தேதிக்கு இந்தியாவில் எந்த டெங்குத் தடுப்பூசிக்கும் அனுமதி இல்லை. உங்கள் மச்சினன் பையனுக்குப் போட்டது கியூடெங்காவாக இருக்கும், ஜப்பானின் டகேடா கம்பெனியுடையது. இந்தோனேசியா 2022லேயே அனுமதி கொடுத்துவிட்டது. டெங்கு அதிகமாகப் பரவும் ஊர்களில் 6 முதல் 16 வயதுக்குள் போடலாம் என்று உலக சுகாதார நிறுவனமும் சொல்கிறது. இங்கே இன்னும் வரவில்லை. யாராவது "வெளியூர்ல இருந்து கொண்டுவந்து தர்றேன்" என்றால் கையை நீட்டாதீர்கள். அது வழி நெடுக ஐஸில் இருந்ததா, பையில் வெந்து வந்ததா என்று யார் பார்த்தது?

நம் நாட்டு ஊசி ஒன்று பரிசோதனையில் இருக்கிறது. பெயர் டெங்கிஆல், ஒரே டோஸ். அரசின் மருத்துவ ஆராய்ச்சிக் கழகமான ஐசிஎம்ஆரும் பனேசியா பயோடெக் கம்பெனியும் சேர்ந்து 2024 ஆகஸ்டில் மூன்றாம் கட்டத்தைத் தொடங்கின. 10 ஆயிரத்துக்கு மேற்பட்ட பெரியவர்களிடம் சோதிக்கிறார்கள், ஒவ்வொருவரையும் இரண்டு வருஷம் கவனிக்க வேண்டும்.

ஏன் இத்தனை நிதானம் என்றால், டெங்கு வைரஸில் நாலு வகை. ஒரு வகை வந்து போனால் அதற்கு மட்டும்தான் நீண்ட நாள் காப்பு. இரண்டாவது தடவை வேறு வகை வந்தால், முதல் தடவை உண்டான எதிர்ப்புப் பொருளே சில பேருக்கு எதிரியாகத் திரும்பி நோயை முற்ற வைத்துவிடும். முதலில் வந்த டெங்வாக்ஸியா ஊசியிலும் இந்தச் சிக்கல்தான். பிலிப்பைன்ஸில் 8 லட்சத்துக்கு மேற்பட்ட பள்ளிப் பிள்ளைகளுக்குப் போட்ட பிறகு, 2017 நவம்பரில் கம்பெனியே சொன்னது: அதுவரை டெங்கு வராத பிள்ளைக்கு இது ஆபத்தைக் கூட்டலாம் என்று. திட்டம் நின்றது. மற்றத் தடுப்பூசிகளுக்கும் அங்கே பெற்றோர் தயங்கினார்கள், தட்டம்மை திரும்பி வந்தது.

இப்போது அவசரமான விஷயம். காய்ச்சல் வந்த முதல் ஐந்தாறு நாளில் அண்ணியைக் கடித்த கொசு உடனே நோயைப் பரப்பாது. அதன் உடம்பில் வைரஸ் பெருக 8 முதல் 12 நாள் ஆகும். கணக்குப் போட்டுப் பாருங்கள், அந்தக் கொசு உங்கள் வீட்டில் இருந்தால் இப்போதுதான் தயாராகியிருக்கும். மகளுக்கு இன்று காலையிலிருந்தே முழுக்கைச் சட்டையும் மேலுக்கு க்ரீமும். ஊசியை அப்புறம் தேடலாம்.

தாராவி_செல்வா | காலை 9.20

அண்ணே, வீட்டில் நோய் என்று எழுதியிருக்கிறீர்கள், சண்டைக்கு வரவில்லை. ஆனால் அந்தக் கடைசிப் பத்தியைப் படித்துவிட்டுச் சும்மா போக முடியவில்லை.

நான் தாராவி, 90 அடி ரோட்டுப் பக்கம். எங்கள் சந்துக் குழாயில் விடியற்காலையில் கொஞ்ச நேரம்தான் தண்ணீர் வரும். அதற்குள் பிடித்தால்தான் அன்றைக்குச் சோறு, குளியல் எல்லாம். டிரம் வைக்காதே என்றால் குடிக்காதே என்றுதான் அர்த்தம். எங்கள் அம்மா அப்பாவின் பழைய வேட்டியை இரண்டாக மடித்து டிரம் வாயில் போட்டு, சைக்கிள் டியூபை வளையமாக வெட்டி இறுக்கி மாட்டுவாள். மேலே பலகை. சைக்கிள் டியூப் இல்லாமல் கயிறு கட்டினால் ஒரு பக்கம் தொங்கிவிடும், அந்தத் தொங்கலே போதும் கொசுவுக்கு. வெள்ளிக்கிழமை தோறும் டிரம்மைக் கவிழ்த்து உள்பக்கம் தேங்காய் நாரால் தேய்ப்பாள். யாரும் வந்து பாடம் எடுக்கவில்லை. அவளுக்கு வழவழப்பு பிடிக்காது, அவ்வளவுதான்.

எங்கள் சந்தில் கொசு இல்லை என்று சொல்ல வரவில்லை. 13வது கம்பவுண்ட் பக்கம் பிளாஸ்டிக் கிடங்குகளில் மழைக்குப் பிறகு எத்தனை டப்பாவில் தண்ணீர் நிற்கும் என்று எனக்குத் தெரியும். ஆனால் உங்கள் மாடிக்குக் கொசு பஸ் பிடித்து வருவதில்லை.

பூச்சிக்காரன் | காலை 10.05

செல்வா அம்மாவின் காலைத் தொட்டுக் கும்பிட வேண்டும். நான் பெஸ்ட் கன்ட்ரோல் தொழிலில் இருப்பவன், சொல்லக் கூடாத ரகசியத்தைச் சொல்கிறேன். டெங்கு பரப்பும் ஏடிஸ் கொசு தண்ணீரில் முட்டையிடுவதைவிடத் தண்ணீர் மட்டத்துக்குக் கொஞ்சம் மேலே, ஈரமான சுவரில் ஒட்டி வைக்கும். தண்ணீரைக் கொட்டிவிட்டால் முட்டை போகாது, காய்ந்தாலும் மாதக்கணக்கில் கிடக்கும். அடுத்த மழையில் தண்ணீர் ஏறியதும் பொரியும். அதனால்தான் தேய்க்க வேண்டும். முட்டையிலிருந்து கொசுவாக ஒரு வாரம், பத்து நாள் ஆகும். வாரத்துக்கு ஒருமுறை கொட்டித் தேய்ப்பது என்ற கணக்கு அங்கிருந்துதான் வந்தது.

ரகு சார், ஏடிஸ் பொதுவாகப் பிறந்த இடத்திலிருந்து நூறு இருநூறு மீட்டருக்கு மேல் போவதில்லை. சாக்கடைத் தண்ணீரில் வளர்வது க்யூலெக்ஸ். அது ராத்திரி காதில் பாடும், டெங்கு தராது. ஏடிஸுக்கு நம்மைப்போல நல்ல தண்ணீர் வேண்டும். மாதாமாதம் உங்கள் வீட்டில் அடிக்கும் மருந்து அநேகமாகக் கரப்பானுக்கு.

ஒரு டார்ச்சை எடுத்துக்கொள்ளுங்கள். ஃபிரிட்ஜுக்குப் பின்னால் கீழே ஒரு தட்டு இருக்கும். ஏசி தண்ணீர் சொட்டும் டப்பா, மணிபிளான்ட் பாட்டில், பூந்தொட்டிக்கு அடியில் வைத்த தட்டு, யாரும் போகாத கழிவறையின் ஃப்ளஷ் தொட்டி, மொட்டைமாடியில் மழைக்குப் போட்ட தார்ப்பாயின் மடிப்பு. பார்த்துவிட்டு எழுதுங்கள்.

மாட்டுங்கா_மாமி | காலை 11.31

ரகு, அகத்துக்காரிக்கு நிலவேம்புக் குடிநீர் கொடுக்கிறயோ? தமிழ்நாட்டில் சர்க்காரே தெருத்தெருவா ஊற்றிக் கொடுத்தது. பப்பாளி இலைச் சாறும். எங்காத்தில் சாயந்திரம் ஆறு மணிக்கு ஜன்னலைச் சாத்தி வேப்பிலைப் புகை போட்டுடுவோம். அப்புறம் யாரோ புனேயில் மலேரியாவுக்கு ஊசியே தயார் பண்றான்னு சொன்னாளே, அது நமக்குக் கிடைக்குமா?

ராத்திரி_ட்யூட்டி | மதியம் 12.10

மாமி, கசப்பாக எதையாவது குடித்தால் உடம்பில் தண்ணீர் சேரும், அந்த அளவுக்கு நல்லது. ஆனால் நிலவேம்பு குடித்தால் டெங்கு வராது என்று நினைத்து மற்றதை விட்டுவிடக் கூடாது. காய்ச்சலுக்குப் பாராசிட்டமால் மட்டும். உடம்பு வலிக்கிறதே என்று ஆஸ்பிரின், இபுப்ரூஃபென், டைக்ளோஃபெனாக் போட்டால் ரத்தக் கசிவு வரலாம். இன்னொன்று, எல்லோரும் பிளேட்லெட் எண்ணிக்கையையே பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். உண்மையான ஆபத்து, காய்ச்சல் விட்டதும் "அப்பாடா" என்று மூச்சு விடுகிறோமே, அந்த இரண்டு நாளில்தான். ஓயாத வாந்தி, வயிற்று வலி, ஈறில் ரத்தம், கை கால் சில்லிடுவது, இதில் எது வந்தாலும் அந்த நிமிஷமே கிளம்ப வேண்டும்.

புனே விஷயம் உண்மை. ஆர்21 என்ற மலேரியாத் தடுப்பூசியை சீரம் இன்ஸ்டிட்யூட் தயாரிக்கிறது, 2023 அக்டோபரில் உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைத்தது. அதற்கு முன் 2021இல் ஆர்டிஎஸ்,எஸ். இரண்டும் ஆப்பிரிக்கக் குழந்தைகளைக் கொல்லும் ஃபால்சிபாரம் வகைக்கு, ஐந்து மாதக் குழந்தையிலிருந்து நாலு டோஸ். நம் ஊரில் அடிக்கடி வருவது வைவாக்ஸ் வகை. அதற்கு இந்த ஊசி வேலை செய்யாது. இங்கே பெரியவர்களுக்குப் போடுவதும் இல்லை.

வைவாக்ஸ் கல்லீரலில் பதுங்கியிருந்து மாதங்கள் கழித்து எழும்பும். அதற்குத்தான் ப்ரைமாகுயின் 14 நாள். ஜி6பிடி என்ற நொதிக்கான ரத்தப் பரிசோதனை பார்த்துவிட்டுத்தான் கொடுப்பார்கள், கர்ப்பிணிகளுக்குக் கிடையாது. மூன்றாம் நாள் காய்ச்சல் விட்டதும் மாத்திரையைத் தூக்கிப் போடுகிறவர்கள்தான் அடுத்த பருவத்தில் எங்கள் வார்டுக்கு மறுபடி வருகிறார்கள்.

செம்பூர்_ரகு | மதியம் 1.44

ஃபிரிட்ஜை இழுத்தேன். ஏழு வருஷத்தில் முதல் தடவை என்று நினைக்கிறேன், தரையில் நாலு சக்கரத் தடம் கறுப்பாக இருந்தது. பின்பக்கம் கம்ப்ரசருக்கு மேலே கறுப்புத் தட்டு. இரண்டு விரல் ஆழத்துக்குத் தண்ணீர், மேலே தூசிப்படலம். டார்ச் அடித்ததும் படலத்துக்கு அடியில் ஏதோ ஓடியது. முதலில் என் கை நடுங்குகிறது என்று நினைத்தேன். தட்டைக் கழற்றி வெளிச்சத்தில் வைத்துப் பார்த்தால் கூத்தாடிகள். முப்பது நாற்பது இருக்கும். தலைகீழாகத் தொங்கிக்கொண்டு, நிழல் பட்டால் நெளிந்து நெளிந்து அடிக்குப் போகின்றன, கொஞ்ச நேரத்தில் மூச்சுக்கு மேலே வருகின்றன. ஊரில் கிணற்றடித் தொட்டியில் பார்த்தது. கொசுப்புழுவைக் "கூத்தாடி" என்று ஆச்சி சொல்வாள். மகள் "அப்பா, டான்ஸ் ஆடுது" என்றாள்.

இந்தத் தட்டுக்கு நேர் முன்னால்தான் மனைவி தினமும் காலையில் நின்று காய் நறுக்குவாள்.

செல்வா தம்பி, அந்தப் பத்திக்கு மன்னித்துக்கொள். அழிக்கவில்லை, இருக்கட்டும்.

தாராவி_செல்வா | மதியம் 1.52

விடுங்க அண்ணே. அண்ணியைப் பாருங்க.

பூச்சிக்காரன் | மதியம் 2.15

தட்டைக் கழிவறையில் கொட்டாமல் வெயிலில், காய்ந்த தரையில் கொட்டுங்கள். அப்புறம் சோப்புப் போட்டுத் தேய்க்கவும். தொங்கும்போது சாய்வாகத் தொங்கியதா? அப்படியென்றால் ஏடிஸ் அல்லது க்யூலெக்ஸ். மலேரியாவின் அனோஃபிலிஸ் கூத்தாடி தண்ணீர் மட்டத்தோடு படுத்துக்கிடக்கும். ஃபிரிட்ஜ் தட்டில் இருந்தால் நான் ஏடிஸ் மேல்தான் பந்தயம் கட்டுவேன்.

மாமி சாயந்திரம் ஆறு மணிக்கு ஜன்னல் சாத்துவது மலேரியாக் கொசுவுக்குச் சரி. ஏடிஸ் காலையிலும் சூரியன் சாய்வதற்கு முன்னாலும் கடிக்கிற பகல் கொள்ளைக்காரி. நிறைய வீடுகளில் கொசு மெஷினை ராத்திரி பத்து மணிக்குப் போட்டு காலை ஆறு மணிக்கு அணைப்பார்கள். அவள் ட்யூட்டிக்கு வருவதே அதற்குப் பிறகு. தெருவில் புகை வண்டி வரும்போதும் இதே கதை. நாம் ஜன்னலைச் சாத்திக்கொள்கிறோம், அவளோ நம் கட்டிலுக்கு அடியிலும் தொங்கும் துணிக்குப் பின்னாலும் இருக்கிறாள். புகை கூத்தாடியைத் தொடாது. கண்ணுக்குத் தெரிவதால் எல்லோருக்கும் திருப்தி, அதிலும் கவுன்சிலர் கூட நின்றால்.

கப்பல்காரன் | மதியம் 3.40

கோலிவாடாவில் பிறந்து வளர்ந்து கப்பலில் இருப்பவன். கொசு நோய்க்கு ஊசி என்றால் எனக்குத் தெரிந்தது மஞ்சள் காய்ச்சல் ஊசிதான். மேற்கு ஆப்பிரிக்கத் துறைமுகம் போய்வந்தால் மஞ்சள் அட்டை இல்லாமல் மும்பையில் இறங்க முடியாது. ஊசி போட்டுப் பத்து நாள் கழிந்தால்தான் அட்டை செல்லும். முன்பு பத்து வருஷத்துக்கு ஒருமுறை போட வேண்டும், 2016லிருந்து ஒரே ஊசி ஆயுளுக்கும். இந்தியாவில் அந்த நோய் இல்லை, ஆனால் பரப்பக் கூடிய ஏடிஸ் நம் சமையலறையிலேயே இருக்கிறது, ரகு சார் பார்த்துவிட்டார். அதிகாரிகள் அட்டைக்கு ஏன் அவ்வளவு கெடுபிடி என்று எனக்கு இன்றைக்குத்தான் உறைத்தது.

லாகோஸ் போகும்போது மலேரியா வராமலிருக்க டாக்ஸிசைக்ளின் மாத்திரை தினமும் ஒன்று, திரும்பி வந்தும் நாலு வாரம். என்னோடு இருந்த ஒரு பையன் வீட்டுக்கு வந்த சந்தோஷத்தில் விட்டுவிட்டான். பதினைந்தாம் நாள் ஐசியூ. பிழைத்துக்கொண்டான்.

க்ரீம் பற்றி: கப்பலில் டீட் என்ற கொசுவிரட்டி மருந்து இருக்கிற ஸ்ப்ரே தருவார்கள். வெயில் க்ரீம் முதலில், கொசு க்ரீம் அதன்மேல். வாட்ச் ஸ்ட்ராப்பில் பட்டால் பிளாஸ்டிக் இளகிவிடும், என்னுடையது போய்விட்டது.

செம்பூர்_ரகு | மாலை 4.05

குழந்தைக்கு டீட் போடலாமா? பள்ளிக்கூடம் காலை ஏழு மணிக்கு.

ராத்திரி_ட்யூட்டி | மாலை 4.30

இரண்டு மாதத்துக்கு மேற்பட்ட குழந்தைக்கு டீட் 30 சதவீதத்துக்கு மிகாமல் போடலாம். இகாரிடின் என்ற இன்னொரு கொசுவிரட்டி இருந்தாலும் சரி. நீங்கள் உங்கள் கையில் எடுத்துத் தடவிவிடுங்கள். அவள் உள்ளங்கையில், கண், வாய்ப் பக்கம் வேண்டாம். கணுக்கால், முழங்காலுக்குப் பின்புறம் விட்டுவிடாதீர்கள், ஏடிஸுக்குக் கால்தான் பிடிக்கும். கையில் கட்டும் பட்டை, சட்டையில் ஒட்டும் ஸ்டிக்கர், காதுக்குக் கேட்காத சத்தம் போடும் மெஷின், இவற்றுக்குக் காசைக் கரியாக்காதீர்கள்.

கொசுவர்த்திச் சுருள் பற்றியும் ஒரு வார்த்தை. ஒரு சுருள் எரிந்து முடிந்தால் வரும் நுண்தூசி 75 முதல் 137 சிகரெட் புகைக்குச் சமம் என்று 2003இல் ஒரு ஆய்வு கணக்கிட்டது. மூடிய ஒற்றை அறையில் குழந்தையோடு படுக்கிறவர்கள் யோசிக்க வேண்டும். பெட்டியில் பதிவு எண் இல்லாத கொசு ஊதுபத்தி இன்னும் மோசம், எதைக் கலந்திருக்கிறான் என்றே தெரியாது. மாமியின் வேப்பிலைப் புகைக்கும் இதே கண்டிப்புதான், கோபிக்கக் கூடாது.

மாட்டுங்கா_மாமி | மாலை 5.02

கோபமில்லை. மாமாவுக்கு இழுப்பு வேறு. இன்னிக்கு நிறுத்தியாச்சு.

பழைய_பம்பாய் | இரவு 8.15

செல்வா சொன்னது இந்த ஊரில் நூறு வருஷத்துக்கு மேலான சண்டை. 1911இல் பென்ட்லி என்ற அதிகாரி பம்பாய் மலேரியாவை ஆராய்ந்து அறிக்கை கொடுத்தார். குற்றவாளி சேற்றுக் குட்டை என்று எல்லோரும் நினைத்துக்கொண்டிருந்தபோது, கோட்டைப் பகுதியில் வசதியானவர்களின் வீட்டுக் கிணறுகளிலும் தொட்டிகளிலும்தான் அனோஃபிலிஸ் ஸ்டீஃபன்ஸி வளர்கிறது என்று காட்டினார். கிணற்றை மூடு என்றது மாநகராட்சி. பார்சிகளுக்குக் கிணறு புனிதம், எதிர்த்தார்கள். சில கிணறுகளைக் கம்பிவலைக் கதவு போட்டுப் பூஜைக்கு மட்டும் திறக்க விட்டார்கள். சர்ச்கேட் பக்கம் போனால் 1725இல் வெட்டிய பிகா பெஹ்ராம் கிணறு இன்றும் இருக்கிறது. 1928இல் கோவெல் வந்து திரும்பவும் ஒரு அறிக்கை எழுதினார், திரும்பவும் தொட்டி, கிணறு என்றே.

கிணறு போய் மாடித்தொட்டி வந்தது, கொசு மாடிக்கு ஏறியது. இப்போது கட்டடம் கட்டும் இடங்களில் லிஃப்ட் குழியும் சிமென்டுக்கு ஊற்றும் தண்ணீரும். அந்த ஸ்டீஃபன்ஸி கடல் கடந்தும் போய்விட்டது. 2012இல் ஜிபூட்டியில் கண்டுபிடித்தார்கள். அந்த வருஷம் அங்கே மலேரியா 27 பேருக்கு, 2020இல் 73 ஆயிரத்துக்கு மேல். கப்பல்காரத் தம்பி, நீங்கள் ஏற்றிக்கொண்டு போகவில்லையே?

கப்பல்காரன் | இரவு 8.21

ஐயா, எங்கள் மேல் ஏற்கெனவே எலிப் பழி இருக்கிறது, இது வேறா.

பூச்சிக்காரன் | இரவு 9.00

ஊசிக்குக் காத்திருக்கும் நேரத்தில் நடக்கும் இன்னொரு வேலையையும் சொல்லிவிடுகிறேன். கொசுவுக்கே ஊசி போடுகிற மாதிரி. வோல்பாகியா என்ற பாக்டீரியாவை ஏடிஸ் முட்டைக்குள் செலுத்தி வளர்த்தால் அந்தக் கொசுவில் டெங்கு வைரஸ் சரியாகப் பெருகாது, குஞ்சுகளுக்கும் அது தொடரும். இந்தோனேசியாவின் யோக்யகர்த்தாவில் ஊரின் ஒரு பாதியில் விட்டுப் பார்த்தார்கள், அந்தப் பாதியில் டெங்கு 77 சதவீதம் குறைந்தது. நம் புதுச்சேரியில் ஐசிஎம்ஆரின் கொசு ஆராய்ச்சி மையம் 2022இல் நம் ஊர் ஏடிஸிலேயே அந்த வகையை உருவாக்கிவிட்டது. வெளியில் விட அனுமதி வேண்டும். 1970களில் டெல்லியில் கொசுவை மலடாக்கும் ஆராய்ச்சிக்குப் பின்னால் உயிரியல் போர் இருக்கிறதென்று நாடாளுமன்றம் வரை கூச்சல் வந்து 1975இல் மூடினார்கள், அந்தப் பயம் இன்னும் கொஞ்சம் மிச்சம் இருக்கிறது என்று எனக்குத் தோன்றும்.

ரகு சார், மாடித்தொட்டி பார்த்தீர்களா?

செம்பூர்_ரகு | 7 செப்டம்பர், காலை 10.48

பார்க்கப் போனேன். தொட்டிக்கு ஏணி இல்லை. போன வருஷம் பெயின்ட் அடிக்க வந்தவர்கள் கழற்றியதாம், திருப்பி மாட்டவில்லை. மாநகராட்சியிலிருந்து வந்தவர்களும் ஏணி இல்லாததால் கீழேயே கையெழுத்து வாங்கிக்கொண்டு போயிருக்கிறார்கள். செக்ரட்டரி "அடுத்த கமிட்டி மீட்டிங்கில் வைப்போம்" என்றார். மீட்டிங் தீபாவளிக்குப் பிறகு. நானும் வாட்ச்மேனும் பக்கத்துக் கட்டட வேலையில் மூங்கில் ஏணி கேட்டு வாங்கி ஏறினோம். மூன்று தொட்டியில் இரண்டுக்கு மூடி சரி. மூன்றாவது மூடி விரிசல் விட்டு, மேலே ஒரு செங்கல். செங்கலுக்குப் பக்கத்தில் கை நுழைகிற இடைவெளி. உள்ளே என்ன இருக்கிறது என்று எழுத மனசில்லை, அதைத்தான் 24 குடித்தனம் குடிக்கிறோம். சில கூத்தாடிகள் மட்டத்தோடு படுத்துக்கிடந்தன, பூச்சிக்காரன் சொன்ன மாதிரியே. இப்போதைக்கு செல்வா அம்மா முறைதான். பழைய வேட்டி, சைக்கிள் டியூப். தொட்டி வாய் பெரியது என்பதால் லாரி டியூப் தேவைப்பட்டது.

தாராவி_செல்வா | காலை 11.02

அம்மாவிடம் படித்துக் காட்டினேன். "வேட்டியை ரெண்டா மடிச்சாரா, ஒத்தையா போட்டாரான்னு கேளு" என்கிறாள்.

செம்பூர்_ரகு | காலை 11.10

ஒற்றையாகத்தான் போட்டேன். இப்போதே ஏறுகிறேன்.

இன்னொரு சந்தேகம். ஃபிரிட்ஜ் தட்டைத் திருப்பி மாட்டும்போது ஒரு கிளிப் உடைந்துவிட்டது. தட்டே இல்லாமல் விட்டால் என்ன?

பூச்சிக்காரன் | காலை 11.34

தண்ணீர் கம்ப்ரசர் மேல் சொட்டும், ஃபிரிட்ஜ் கெட்டுவிடும். ஒரு கம்பியால் கட்டி மாட்டுங்கள். ஞாயிறு தோறும் கழற்ற வேண்டியதுதானே, கம்பி கிளிப்பைவிட வசதி.